கடைமடைக்கும் தண்ணீர்

நாங்கள் தில்லியில், மயூர் விகாரில் குடியிருக்கிறோம். எங்கள் சொந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில், பேராவூரணிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி அது. கல்லணைக் கால்வாயின் நீர் மேலே உள்ள ஊர்களின் வயல்களை நனைத்த பின்னரே அங்கு வந்து சேரும்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அப்பாவின் அலுவலகப் பணி, எனக்கும் தங்கைக்கும் வகுப்புகள், ஊரிலிருக்கும் அப்பாயியுடன் பேச்சு ஆகிய அனைத்தும் வீட்டிலிருந்த ஒரே பிராட்பேண்ட் இணைப்பின் வழியே நடந்தன. அதற்கு மாதம் 200 ஜிபி என்னும் வரம்பு இருந்தது. அந்த அளவு தீர்ந்தால், நொடிக்கு 50 மெகாபிட்டாக இருந்த வேகம் 512 கிலோபிட்டாகக் குறைந்துவிடும். அது ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு.

அவ்வாண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. "நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்போது உனக்குக் காட்டுகிறேன், சாமி" என்றார் அப்பாயி. ஜூலை மாத இறுதியில் அந்த நாள் வந்தது. சித்தப்பா கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, வெடித்துக் கிடந்த வாய்க்காலின் கரையில் அப்பாயி கைநிறையப் பூக்களுடன் நின்றார். "இதோ, வருகிறது!" என்ற குரல் மட்டும் கேட்டது. திரையில் காட்சி அப்படியே உறைந்துபோயிற்று. மீண்டும் படம் தெரிந்தபோது பூக்கள் மிதந்து சென்றிருந்தன.

இணைப்பில் ஏதோ கோளாறு என்றே அனைவரும் நினைத்தனர். எனக்கு மட்டும் உண்மை தெரியும். உயர்தரக் காட்சியில் திரைப்படம் பார்த்தால் ஒரு மணி நேரத்திற்கு 3 ஜிபி வரை செலவாகும். இருபது இரவுகள், நாள்தோறும் இரண்டு மணி நேரம் நான் பார்த்திருந்தேன். 120 ஜிபி! வகுப்புக்காக அப்பாவின் கைப்பேசி என்னிடம் இருந்தபோது, பாதி தீர்ந்தது என்றும், 90 விழுக்காடு தீர்ந்தது என்றும் குறுஞ்செய்திகள் வந்தன. திட்டுக்கு அஞ்சி அவற்றை நான் அழித்துவிட்டேன்.

அன்றிரவு அப்பாவிடம் அனைத்தையும் கூறினேன். அவர் சினம் கொள்ளவில்லை. "இந்தச் செய்திகள் ஏன் வருகின்றன தெரியுமா? வரம்பு வைக்கும் நிறுவனம் அளவு 50, 90, 100 விழுக்காட்டை எட்டும்போது நமக்குத் தெரிவிக்க வேண்டும். வேகத்தையும் 512 கிலோபிட்டுக்குக் கீழே குறைக்கக் கூடாது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016இல் இட்ட ஆணை இது" என்றார்.

"வரம்பு எதற்கு அப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு தெருவில் பல வீடுகள் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சிலரே அதை நிறைத்துவிட்டால் மற்றவர்களுக்கு வேகம் குறையும் என்கிறார்கள். ஆனால், அணை நீரைப்போல இணையத்தைச் சேமித்துவைக்க முடியாது. நெரிசல் மாலையில்தான், நள்ளிரவில் வழி காலியாகவே கிடக்கும். அப்போது பார்த்ததையும் ஏன் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்று நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால், வீட்டுக்குள் நடந்த பங்கீட்டுக்கு நாமே பொறுப்பு" என்றார்.

மறுநாள் அப்பாயியிடமும் உண்மையைக் கூறினேன். அவர் சிரித்தார். "தலைமடைக்காரன் மடையை அடைக்க மறந்தால் கடைமடை காய்ந்துதான் போகும், சாமி. இது எங்களுக்குப் புதிதா?" என்றார். அச்சிரிப்பே என்னை மிகவும் வருத்தியது.

அன்று முதல் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தாள் தொங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் செலவான அளவை நானே அதில் எழுதினேன். மாதக் கடைசிக்கென 20 ஜிபியை ஒதுக்கி, அதற்கு நேராக "அப்பாயி" என்று எழுதிவைத்தேன்.

மறு ஆண்டும் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தது. எங்கள் வாய்க்காலுக்கு நீர் வந்த நாளில் காட்சி உறையவில்லை. செம்மண் நிறத்தில், சருகுகளைத் தள்ளிக்கொண்டு, நுரையோடு தண்ணீர் வந்தது. அப்பாயி பூக்களைத் தூவினார். அவை மிதந்து செல்வதை, கண்ணுக்கு எட்டும்வரை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.