அடைப்பான்

சென்ற ஈஸ்டர் விடுமுறையில் யான் மதுரைக்கு மேற்கேயுள்ள எங்கள் சிற்றூருக்குச் சென்றிருந்தேன். என் பாட்டனார் புலிக்குளம் மாடுகளைக் கிடை அமர்த்தும் தொழிலினர். வயல்களில் பயிர் நிற்குங் காலத்து மாடுகள் மலையடிவாரத்தில் மேயும். அறுவடை முடிந்தபின் எருவுக்காக வயல்களில் கிடை போடுவர். அவ்வாறு கிடை திரும்பி நான்கு நாட்களே ஆகியிருந்தன. முதல்நாள் மாலை நன்கு மேய்ந்த சினைப்பசு ஒன்று விடியலில் இறந்து கிடந்தது. அதன் மூக்கினின்று உறையாத கருங்குருதி வழிந்தது.

தோல் வாங்குவார் ஒருவர் வந்து விலை பேசினார். "பசுதான் போயிற்று, தோலாவது மிஞ்சட்டும், தம்பி," என்றார் பாட்டனார். அந்நேரம் வந்த கால்நடை மருத்துவர் கத்தி வைத்தலாகாது எனத் தடுத்து, காதினின்று ஒரு துளி குருதி மட்டும் எடுத்துச் சென்றார். சோதனையில் அடைப்பான் என்றே தெரிந்தது.

இந்நோயை விளைக்கும் கிருமியின் வாழ்க்கையை 1876 இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் விளக்கினார். உடலைக் கீறியவழிக் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறும்; அவ்வித்து மண்ணிற் பல்லாண்டு உறங்கும். வறட்சியில் புல்லை வேரோடு கறித்து மண்ணையும் உண்ணும் விலங்கினுள் அது மீண்டும் விழிக்கும். தோலைக் கையாளும் மனிதரையும் பற்றும்.

"காட்டுமாடு தந்த நோய் இது," என்றார் பாட்டனார். காட்டைக் காப்போரோ வீட்டுமாடே காட்டிற்கு நோய் கொணர்கின்றது என்பர். எவர் கூற்று மெய்? 2021 இல் கோவையை அடுத்த ஆனைகட்டிக் காட்டில் யானையொன்றும், 2022 இல் கேரளத்து அதிரப்பிள்ளிக் காட்டில் பன்றிகளும் இந்நோயால் மாண்டன. மண்ணில் உறங்கும் வித்திற்குக் காடென்றும் கிடையென்றும் வேறுபாடில்லை. முல்லைத்திணை பயில்வார்க்கு இது வியப்பன்று. ஆவும் கானமும் அங்கு ஒரு நிலத்தனவே.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் மேய்ச்சலை முற்றும் தடுத்து, அம்மாதத்திலேயே அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்பவற்றோடு நிறுத்திற்று. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமோ, சரணாலயத்தினின்று 5 கிலோமீட்டருக்குட்பட்ட கால்நடைகளுக்குத் தடுப்பு மருந்து இடவேண்டும் என்கின்றது. தடை எதுவாயினும், ஊசி இரு புறத்தையும் காக்கும். 1881 இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் ஆடுகளுக்கு இட்டுக் காட்டிய காப்பு அது. இன்று நம் இராணிப்பேட்டையிலேயே அம்மருந்து செய்யப்படுகின்றது.

நிற்க. யான் மறைத்தற்கியலாத ஒன்றுண்டு. இரு திங்கள் முன்னர், ஊசி போடும் நாளில் மாடுகளை ஒன்று சேர்க்க ஆள் போதாமையால் பாட்டனார் என்னை அழைத்திருந்தார். தேர்வைக் காரணங் காட்டி யான் சென்றிலேன், அந்நாள் தவறிற்று. அவர் அதனை ஒருகாலும் எடுத்துரைத்ததில்லை.

அன்று மாலை அறுத்தெடாத தோலுடனேயே பசுவை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தோம். ஆறாயினும் நாயாயினும் மோப்பம் பிடித்துக் கிளறாவாறு முள்வேலி இட்டார் பாட்டனார். எஞ்சிய மாடுகளுக்கு ஊசி போடுங்கால் கயிறு பிடித்து நின்றவன் யானே. அடுத்த ஆண்டு ஊசி நாளை என் இலக்கணக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கின்றேன்.