முள் எங்கே ஏறுகிறது?

"ஏத்தத்துல ஏறுதா, சமதரையிலயும் ஏறுதா தம்பி?"

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கிறது அந்த ரேடியேட்டர் பட்டறை. வண்டி சூடாகிறது என்று யார் வந்தாலும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பானெட்டைத் திறக்கச் சொல்வதில்லை. ஓட்டுநரை ஸ்டூலில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, பேச விடுகிறார். அறுபதைத் தாண்டிய மனிதர். முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய வெந்நீர்த் தழும்பு.

அன்று வந்தது ஒரு பிக்கப். மேலே உரமூட்டை ஏற்றிப் போய், கீழே கேரட் மூட்டைகளோடு மண்டிக்குத் திரும்பும் வண்டி. மீட்டர் முள் ஏறுகிறது, தானாக இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது என்பது புகார்.

"சமதரையிலயும் ஏறுதுங்ணா. அன்னூர் ரோட்டுல போறப்பவே ஏறி எறங்குது."

"எறங்கறப்ப மெல்ல எறங்குதா, படக்குனு விழுதா?"

"படக்குனுதாங்ணா."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் பிடிபடவில்லை. அந்த இரண்டு பதில்களில் பாதி வேலை முடிந்துவிட்டது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

இந்த ஊரில் இப்படியொரு தொழில் தழைத்ததற்கு மலைதான் காரணம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். பாரம் ஏற்றிய வண்டி இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது எஞ்சின் முழுப் பலத்தையும் கொடுக்கிறது. வேகம் இல்லாததால் ரேடியேட்டரில் காற்று மோதுவதில்லை, ஃபேன் இழுக்கும் காற்றுதான் கதி. ஆகவே ஏற்றத்தில் முள் கொஞ்சம் மேலே போவதும், இறக்கத்தில் டீசல் குடிக்காமல் கியரிலேயே வண்டி இறங்கும்போது முள் கீழே வருவதும் நோயல்ல. அதைப் பார்த்துப் பயந்து வரும் ஓட்டுநர்களைக் காசு வாங்காமல் அனுப்பிவிடுகிறார் பெரியவர்.

நின்றால் சூடு ஏறி, ஓடினால் இறங்குகிறது என்று சொன்னால் அவர் கை முதலில் ஃபேனுக்குத்தான் போகும். ஃபேனின் நடுவிலுள்ள கப்ளிங்கில் சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. அது கசிந்துபோனால் ஃபேன் சும்மா சுற்றும், காற்று இழுக்காது. ஏற்றத்தில் ஏறிய முள் சமதரையிலும் லேசில் இறங்காவிட்டால் ரேடியேட்டரில் அடைப்பு. இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியில் காலையில் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருக்கிறதா? அப்படியென்றால் ஹெட் கேஸ்கட் வழியாகச் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுகிறது; அது பெரிய செலவு. சமதரையிலும் ஏறி, படக்கென்று விழுகிறதென்றால் பெரும்பாலும் உள்ளே காற்று நிற்கிறது.

காற்று அப்படி என்ன செய்துவிடும்? எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் காவல் நிற்பது தெர்மோஸ்டாட் வால்வு. அதன் செப்புக் குப்பிக்குள் இருப்பது மெழுகு. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய உத்தி இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. சூடான தண்ணீர் பட்டு மெழுகு உருகி விரியும், வால்வைத் தள்ளித் திறக்கும். குப்பியைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று நின்றால் அந்தச் சூடு மெழுகுக்குச் சரியாக எட்டாது. வால்வு மூடியே கிடக்க, எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். ஒரு கட்டத்தில் கொதிநீர் வந்து மோதியதும் வால்வு திறக்கும், ரேடியேட்டரில் ஆறிக் கிடந்த தண்ணீர் மொத்தமாக உள்ளே பாயும், முள் விழும், குளிர்ந்த நீர் பட்டு வால்வு மூடிக்கொள்ளும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

இதில் ஓட்டுநர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீர் ரொம்பக் குறைந்து சென்சார் நுனி காற்றில் நின்றாலும் முள் இறங்கும். "இறங்கிவிட்டதே" என்ற நிம்மதியில் வண்டியை மிதித்து, ஹெட் வளைந்து வந்தவர்கள் பலர் என்றார் பெரியவர்.

அவருடைய உதவியாளர் இளைஞர், ஐடிஐ படித்தவர். ஸ்கேனரைச் செருகினார். பல புதிய வண்டிகளில் முள் உண்மையை அப்படியே சொல்வதில்லை. சூடு ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி கம்ப்யூட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதையும் மீறி முள் ஆடுகிறதென்றால் உள்ளே ஆட்டம் பெரியது. திரையில் 78, 96, 104, பிறகு சட்டென்று 81 என்று எண்கள் மாறியதை நானே பார்த்தேன்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். மேல் ஹோஸை இரண்டு விரலால் அமுக்க முடிகிற வரைக்கும் மூடியைத் தொடக்கூடாது என்பது இந்தப் பட்டறையின் சட்டம். அழுத்தத்தில் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகிப் பீறிடும். பெரியவரின் தழும்பு அப்படி வந்தது. கழற்றிய மூடியில் அது தாங்கும் அழுத்தம் 0.9 என்று பொறித்திருந்தது. அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் மலைமேல் கதை இன்னும் மோசம். குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

தெர்மோஸ்டாட் வெளியே வந்தது. புதுசு. முந்தைய வாரம் வேறொரு பட்டறையில் மாற்றியதாம். பெரியவர் அதை நூலில் கட்டி ஒரு அலுமினியப் பாத்திரத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார், அடி தொடாமல். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அடுப்பைப் பற்றவைத்தார். வால்வு இதழுக்கு நடுவில் நூலைச் செருகி அது பிடித்திருக்கும்படிதான் கட்டியிருந்தார். தண்ணீர் 82ஐத் தாண்டியதும் பிடி தளர்ந்து, வால்வு நூலிலிருந்து நழுவிப் பாத்திரத்தின் அடியில் 'டங்' என்று விழுந்தது. வால்வின் மேல் அச்சிட்டிருந்ததும் 82தான். சாமானில் குற்றமில்லை.

குற்றம் மாட்டிய விதத்தில் இருந்தது. வால்வின் விளிம்பில் ஒரு குட்டித் துளை, அதில் ஆடும் ஒரு சின்ன ஆணி. தண்ணீர் நிரப்பும்போது காற்று வெளியேற வைத்த வழி அது; இந்த எஞ்சினில் அது மேற்பக்கம் பார்க்க இருக்க வேண்டும். கீழே பார்த்து மாட்டியிருந்தார்கள். காற்றுக்குப் போக வழியில்லை. ஆனால் பெரியவர் அதோடு நிற்கவில்லை. "முதல்ல தண்ணி ஏன் கொறைஞ்சுது?" என்று டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். வாட்டர் பம்பின் அடியிலிருந்த கசிவுத் துளையைச் சுற்றிக் கூலண்ட் காய்ந்து பச்சையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. உள் சீல் போய்விட்டது. ஓடும்போது சொட்டி, எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடுவதால் தரையில் ஒரு துளி ஈரம்கூட இல்லை.

இவரிடம் வரும் வண்டிகளில் பல, தெர்மோஸ்டாட்டே இல்லாமல் வருகின்றன. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எஞ்சின் தேவையான சூட்டை எட்டாமல் டீசலைக் கூடுதலாகக் குடிக்கிறது. சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் அந்த வால்வுதான். அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், ஏற்றத்தில் வண்டி முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும். இந்தப் பழக்கத்தை எதிர்த்துப் பெரியவர் பேசும்போது குரல் உயர்ந்துவிடுகிறது. எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது.

பட்டறையின் பின்பக்கம் பழைய வேலை இன்னும் நடக்கிறது. டிராக்டர், ஜெனரேட்டர்களின் செம்பு ரேடியேட்டர்கள். ஈயத்தைச் சூடுகாட்டி இளக்கி மேல் டேங்கைக் கழற்றினால், போர்வெல் தண்ணீரின் உப்பு ஒவ்வொரு ட்யூபையும் வெள்ளையாக அடைத்திருப்பது தெரிகிறது. தட்டையான எஃகுப் பட்டையை ஒவ்வொன்றிலும் விட்டு, மேலும் கீழும் இழுத்து எடுக்கிறார்கள். பிறகு ஈயம் வைத்து மூடி, காற்றழுத்தம் கொடுத்துத் தொட்டியில் முக்கி, குமிழ் வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஆசிட் நெடியும் ஈயப் புகையும் தொண்டையைக் கமறச் செய்கின்றன. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பெரியவர் இத்தனை வருடம் இதைச் சுவாசித்திருக்கிறார் என்பது என்னை வெகுவாக வருத்தியது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த புது ரேடியேட்டர்களில் ஈயம் ஒட்டாது. போனால் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

மாலையில் பம்ப் மாற்றி, ஆணி மேலே பார்க்க வால்வைப் பொருத்தி, காற்று எடுத்து, கல்லாறு தாண்டி இரண்டு வளைவுகள் ஏறித் திரும்பினோம். ஸ்கேனரில் எண் 86க்கும் 93க்கும் இடையில்தான் இருந்தது.

பில்லில் பம்பின் விலை, கூலண்ட், மாட்டும் கூலி. கண்டுபிடித்ததற்கு ஒன்றுமில்லை. ஸ்கேன் செய்ய ஒரு தொகை என்று பலகையில் எழுதலாம் என்கிறார் இளைஞர். "பாக்கறதுக்கு எப்படிப்பா காசு கேக்கறது" என்கிறார் பெரியவர். முந்தைய பட்டறையில் தேவையில்லாத தெர்மோஸ்டாட்டுக்கு அந்த ஓட்டுநர் பணம் கொடுத்திருக்கிறார். காரணத்தைச் சரியாகச் சொன்னவருக்குக் கொடுக்க அவருக்கும் மனம் வராமல் போகாது. மெஷின் பார்ப்பதற்கு விலை உண்டென்றால் அந்த முதல் கேள்விக்கும் விலை உண்டு, இரண்டையும் பலகையில் எழுதுங்கள் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.