வெலிங்டன்: மலை ரயில் நிற்கும் ராணுவ வீடு

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி, டீசல் இன்ஜினைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறது ஊட்டி மலை ரயில். அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். பயணிகளின் செல்போன்கள் பச்சைச் சரிவுகளையே படம்பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தாய்வீடு இந்த ஊர்தான்!

1758-ல் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய சிப்பாய்ப் படைகளே இதன் வேர். 1803 செப்டம்பர் 23-ல் மராட்டியர்களுக்கு எதிராக நடந்த அசாயே போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாகக் கிடைத்ததுதான், இன்றும் தொப்பியில் மின்னும் யானைச் சின்னம். அந்தப் போரை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். ஜக்கதளாவாக இருந்த ஊர் வெலிங்டன் ஆனதும் அவர் நினைவாகத்தான். 1947-ல் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இங்கே வந்தது. தென் மாநில இளைஞர்கள் பலரும், ‘வீர மதராசி... அடி கொல்லு, அடி கொல்லு!’ என்ற போர் முழக்கத்தை இங்குதான் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்தப் படையின் மிகக் கடினமான அத்தியாயம் இலங்கை. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு சென்ற இந்திய அமைதிப்படையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் இருந்தன. அமைதி காக்கப் போனவர்கள், அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கினார்கள். மற்ற படையினருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. தமிழ்ச் சிப்பாய்க்கோ, அங்கே அழுத தாய்மார்களின் ஒவ்வொரு சொல்லும் நேராகக் காதில் விழுந்தது. பொதுமக்கள் ஏராளமாக மாண்டார்கள். இந்திய வீரர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் திரும்பவில்லை. 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஊருக்குள் கருத்து அப்படிப் பிளந்திருந்தது.

இதே நீலகிரியில் இலங்கையின் இன்னொரு கதையும் இருக்கிறது. 1964-ன் ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தரவே, 1968-ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுதான் இன்றைய ‘டேன்டீ’. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் இன்றும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிறார்கள்.

போர் செய்யப் போனவர்களும், பிழைக்கப் போய்த் திரும்பியவர்களும் ஒரே மலையில்தான் இருக்கிறார்கள்.

ராணுவப் பகுதி என்பதால் அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. படமும் எடுக்கக் கூடாது. ஆனாலும், அடுத்த முறை ரயில் வெலிங்டனில் நிற்கும்போது, செல்போனைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெயர்ப் பலகையை ஒரு நிமிடம் பாருங்கள்.