வாய்ச்சி பிடித்தவனுக்குத்தான் பாடம்

மஸ்கட்டிலிருந்து தென்கிழக்கே கடற்கரைச் சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் போனால் சூர். வழியில் கல்ஹாத் வருகிறது. மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் எழுதிவைத்த அந்தத் துறைமுக நகரத்தில் இன்று இடிந்த சுவர்களும் பீபி மரியம் கல்லறை மாடமும்தான் மிச்சம். சூர் அப்படி அழிந்துபோகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஓமானில் கப்பல் கட்டுவதற்குப் பேர்போன ஊர் இது. பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு பருவக்காற்றோடு இந்தியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போய்வந்த பாய்மரக் கப்பல்கள் இங்கே கட்டப்பட்டவை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளையும் ஏற்றி வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு இந்த ஊரின் பெருமையைப் பேச முடியாது.

நான் மஸ்கட்டில் ஓர் இந்தியப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சொந்த ஊர் குமரி மாவட்டம். மிதப்பு விசையை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவனுக்கு மரக்கப்பல் கட்டுகிறவர்களைப் பார்க்கும் ஆசை இருக்காதா? விடுமுறையில் கிளம்பிவிட்டேன்.

பட்டறை கழியோரத்தில் இருந்தது. நுழையும்போதே காலடியில் மரச்சீவல். பாதி கட்டிய கப்பல் ஒன்று முட்டுக்கொடுத்து நின்றது. வரைபடம் என்று ஒரு தாள்கூடக் கிடையாது. அடிமரமான ஏராவை வைத்து, முன்னும் பின்னும் கட்டைகளை நிறுத்தியதும் பக்கப் பலகைகளை ஏற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பிற்கால ஐரோப்பிய முறையில் சட்டம் முதலில், பலகை பிறகு. இங்கே தலைகீழ். வெளிக்கூடு உருவான பிறகு, அது வளைந்திருக்கிற கணக்குக்கு உள்ளே சட்டங்களான வங்குக்கால்களைப் பொருத்துகிறார்கள். அதற்கு நேராக வளர்ந்த மரம் ஆகாது. கோணல்மாணலாக வளர்ந்த வேலமும் இலந்தையும்தான் வேண்டும்.

ஆணி அடிப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நேரே அடித்தால் பலகை பிளந்துவிடும் என்பதால் முதலில் துளை போடுகிறார்கள். எண்ணெய் தோய்ந்த நாரை ஆணியின் தலைக்குக் கீழே சுற்றி, பிறகு இறக்குகிறார்கள். அந்தத் துளை வழியாக இனிமேல் நீர் கசியாது. அடுத்து கலப்பத்து வேலை. பலகை இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியை வைத்து, மழுங்கிய உளியால் தட்டித் திணிக்க வேண்டும். தட்டத் தட்ட ஓசை மாறுகிறது. திரி இறுகிவிட்டதை அந்த வேலைக்காரர் காதாலேயே தெரிந்துகொள்கிறார்.

அவர் பேப்பூர்க்காரர். கோழிக்கோட்டை ஒட்டிய அந்த ஊரில் உரு என்னும் மரக்கப்பல் கட்டும் குடும்பம். என் குமரித் தமிழும் அவருடைய மலையாளமும் சிரமமில்லாமல் கலந்தன. “கணக்கெல்லாம் எங்கே எழுதி வைக்கிறீங்க?” என்று கேட்டேன். “எழுதினா மறந்துபோகும் மாஷே” என்று சிரித்துவிட்டு மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்.

பட்டறையை நடத்துகிற பெரியவர் ஓமானி. வெள்ளை திஷ்தாஷா அங்கி, தலையில் பூவேலை செய்த கும்மா. எல்லோருக்கும் அவர் ‘உஸ்தாத்’. வங்காளதேசத்திலிருந்து வந்த ஒரு பையன் வாய்ச்சியால் பலகை செதுக்கிக்கொண்டிருந்தான். பெரியவர் வந்தார். உள்ளங்கையால் பலகையைத் தடவினார். வாய்ச்சியை வாங்கி, மேடு தட்டிய இடத்தில் நாலு சீவு சீவினார். பையனுடைய கையைப் பிடித்து அதே இடத்தில் தடவவைத்தார். வாய்ச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் அடுத்த சீவு சீவும்வரை நின்றார். ஒரு சொல் பேசவில்லை. நானாக இருந்தால் இதற்குக் கால்மணி நேரம் விளக்கம் கொடுத்திருப்பேன்.

பிறகு பேரீச்சம்பழத்தோடு கஹ்வா வந்தது. ஏலக்காய் மணக்கும் அந்தக் காப்பியை, கோப்பையை லேசாக ஆட்டிப் போதும் என்று காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். பேப்பூர்க்காரரும் அந்தப் பையனும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். “உங்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவார்களா?” என்று பெரியவரிடம் கேட்டேன். பேப்பூர்க்காரர் அரபியில் எடுத்துச் சொன்னார். பிள்ளைகள் படித்து மஸ்கட்டில் உத்தியோகம் பார்க்கிறார்களாம். அதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது.

ஊரில் ‘ஃபத்ஹ் அல் கைர்’ என்ற கப்பலைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1951இல் இங்கேயே கட்டியது. கைமாறி ஏமன் போய்விட்டதை ஊரார் பணம் திரட்டி மீட்டு வந்தார்கள். பார்க்கிறவர்கள் அதை ஓமானின் பாரம்பரியம் என்கிறார்கள். சரிதான். ஆனால் பலகைக்கு வேண்டிய தேக்கு ஓமானில் வளர்வதில்லை. கப்பலுக்குப் பலகை பெரும்பாலும் மலபாரிலிருந்துதான் வந்தது. 1980இல் டிம் செவெரின் என்ற கடல் பயணி ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த ‘சோஹார்’ கப்பலை இதே சூரில் கட்டியபோதும் மரம் கேரளத்திலிருந்து வந்தது. தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கத் தெரிந்தவர்கள் லட்சத்தீவின் அகத்தித் தீவிலிருந்து வந்தார்கள். அந்தக் கப்பல் 1981இல் சீனத்தின் கேன்டன் போய்ச் சேர்ந்தது. ஆக, இந்தத் தொழில் எந்தக் காலத்திலும் ஒரு கரைக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. முன்பு மரம் கடல்தாண்டி வந்தது. இப்போது கையும் கடல்தாண்டி வருகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. மரம் வந்தால் கப்பலாகி இங்கேயே இருக்கும். கை விசா முடிந்ததும் ஊருக்குப் போய்விடும், கற்றதையும் கொண்டுபோய்விடும். ஃபைபர் படகுகள் வந்தபின் மரக்கப்பலுக்கு ஆர்டரும் குறைவு. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து கப்பலைக் காட்டினால் மட்டும் இந்த வித்தை நிலைத்துவிடாது. அந்த வங்காளப் பையன் இன்னும் பத்து வருஷம் இருந்தால் நல்ல தச்சன் ஆகிவிடுவான். அவன் பக்கத்தில் சூர்ப் பையன் ஒருவனும் வாய்ச்சியோடு நிற்க வேண்டுமென்றால், மஸ்கட் உத்தியோகத்துக்கு ஈடான சம்பளம் பட்டறையில் கிடைக்க வேண்டும். மற்றதை உஸ்தாதே பார்த்துக்கொள்வார்.