மாமாவின் சதுரம்

மரபணு ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். புற்றுநோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு மை. பாட்டி, அம்மா, அக்கா. மூன்று கறுப்பு வட்டங்கள்.

பாட்டிக்கு "வயித்துல கட்டி" என்று மட்டும்தான் வீட்டில் சொல்வார்கள். அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனது 2004இல். எனக்கு வயது 15. அக்காவுக்கு 39 வயதில் மார்பில் வந்தபிறகுதான் ஒரு டாக்டர் மரபணுச் சோதனை எடுக்கச் சொன்னார்.

பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிழை. உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்வது அதன் வேலை. அது 17வது குரோமோசோமில் இருப்பதை மேரி-கிளேர் கிங் 1990இல் காட்டினார். 1994இல் மரபணுவையே பிரித்தெடுத்துவிட்டார்கள். அம்மா போனபோது அதற்குப் பத்து வயது. கேடான பிழை உள்ள பெண்களில் 100க்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு சரிபாதி. ஆண் வழியாகவும் போகும்.

எனக்கு ரிசல்ட் நெகட்டிவ். என் வழியாக என் மகளுக்குப் போகாது. இதை அக்காவிடம் எந்தக் குரலில் சொல்வதென்று தெரியாமல் பார்க்கிங்கில் அரைமணி நேரம் நின்றேன். "நல்லவேளைடா" என்றாள். அவளுக்குக் கீமோ போட்டு ஐந்தாம் நாள்.

மிச்சமிருந்தது மாமாவின் சதுரம். அதற்குக் கீழே அவர் மகளின் வட்டம். வயது 27, தை மாதம் கல்யாணம். மாமாவுக்கு வாய்ப்பு 50 சதவீதம், அவளுக்கு 25.

"கல்யாணம் முடியட்டும் மாப்ள. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

கோபப்பட முடியவில்லை. தாயையும் அக்காவையும் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனவர் அவர். ஆனால் கல்யாணம் முடிந்தால், குழந்தை பிறக்கட்டும் என்பார். பிழை இருப்பவர்களுக்கு 25 வயதிலிருந்தே வருடா வருடம் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். அவள் உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஆபீஸ் போய்வந்தேன்.

"அம்மாகிட்ட யாராச்சும் சொல்லியிருந்தா?" என்று அக்கா கேட்ட அன்று ராத்திரி போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா அத்தான்?"

"தெரியும்."

கொஞ்சநேரம் சத்தமே இல்லை.

"முதல்ல அவரு எடுக்கட்டும். நானே கூட்டிட்டு வரேன். எந்த ஆஸ்பத்திரின்னு அனுப்புங்க."