ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு தறிச் சத்தம்

திருமுடிவாக்கம் சிட்கோவின் பட்டறைச் சத்தத்தில் குடியிருப்பவளுக்கு சிகாகோ ரயிலின் தடதடப்பு பெரிதாகத் தெரியவில்லை. நெடுஞ்சாலைக்கு நடுவே, இருபுறமும் கார்கள் சீற ஓடுகிறது. யூஐசி ஹால்ஸ்டெட்டில் இறங்கி நடந்தேன். பல்கலைக்கழகத்தின் கான்கிரீட்டுக்கு நடுவே ஒரு செங்கல் வீடு. இவ்வளவுதானா ஹல் ஹவுஸ்?

நான் பாடம் எடுக்கும் சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) வகுப்பில் வருஷாவருஷம் உச்சரிக்கும் பெயர். 1889 செப்டம்பரில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் அக்கம்பக்கத்துக் குடியேறிகளோடு வாழ்ந்து பணிசெய்ய இங்கே குடிவந்தார்கள். பிறகு 13 கட்டடங்களாக வளர்ந்தது. 1960களில் பல்கலைக்கழகத்துக்காக இடித்ததுபோக இன்று நிற்பவை இரண்டே.

1924இல் நீவா பாய்ட் இங்கே குழுப்பணிப் பயிற்சி நடத்தினார். விளையாட்டு, நாடகம், நடனம் எல்லாமே அதில் பாடம். அங்கே பயின்ற வயோலா ஸ்போலின்தான் பிற்பாடு நாடக விளையாட்டுகளை வளர்த்தெடுத்தவர். ஏதோ நாடகப் பட்டறையிலிருந்து கடன் வாங்கியதாக நினைத்து நான் வகுப்பில் நடத்திவந்த ‘கண்ணாடி’ விளையாட்டுக்கு சமூகப்பணிதான் தாய்வீடாம்! வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அனகாபுத்தூர் மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். களப்பணி அறிக்கையில், தான் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றி, ‘தாய் ஒத்துழைக்கவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை’ என்று எழுதியிருந்தாள். அந்தத் தாயாகவே நடி என்றேன். எதிரே நின்றவள் இவள் அசைவைக் கண்ணாடிபோல் செய்யவேண்டும். குனிந்த தலை, பூக்கட்டும் விரல்கள். கொஞ்ச நேரத்தில் எதிரே குனிந்திருந்தவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். “மேம், எங்கம்மாவும் தறியில இருக்கும்போது நிமிரவே மாட்டாங்க. அம்மா நெய்யுறாங்கன்னு நான் கிளாஸ்ல யார்கிட்டயும் சொன்னதில்ல.”

1900இல் ஆடம்ஸ் ஹல் ஹவுஸில் ஒரு தொழில் அருங்காட்சியகம் தொடங்கினார். குடியேறி வந்த பெண்கள் அதில் நூற்றும் நெய்தும் காட்டினார்கள். தலையில் துணி கட்டிய இத்தாலிய அம்மாவோடு ஒரே வாசலில் நுழையக் கூச்சப்பட்ட சிறுமி ஏஞ்சலினாவைப் பற்றி ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். பார்க்க வந்தவர்கள் அம்மாவின் நூற்பை மெச்சியதைக் கேட்டபின் அவளும் அதே வாசலில் வந்தாளாம்.

வாசல் படியில் உட்கார்ந்து அந்தக் கதையை என் மாணவிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். நம்மூரில் அப்போது ராத்திரி. பதில் குரல்பதிவாக வந்தது, பின்னால் தறிச் சத்தத்தோடு: “மேம், அந்தம்மா கையில வச்சிருந்தது ராட்டையா, தக்ளியான்னு எங்கம்மா கேக்குறாங்க.”