மார்கழிக் குளிர்னு நம்பின கார்

எங்க கார் 2004 மாடல், கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டி. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் குடுத்தது 10-க்கு இறங்கிடுச்சு. சைலன்சர்ல கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. பிளக்கைக் கழட்டினா காய்ஞ்ச கரி. எண்ணெய்ப் பசையா இருந்தா அது வேற வியாதி. காய்ஞ்ச கரின்னா பெட்ரோல் கூடுதலாப் போகுது.

டவுன் மெக்கானிக் இன்ஜெக்டர் எல்லாத்தையும் மாத்தணும்னார். அவர் சொன்ன தொகைக்கு ரெண்டு வெள்ளாடு வாங்கலாம்!

ஏர் ஃபில்டர் சுத்தமாத்தான் இருந்தது. ஆனா காலையில சட்டுனு ஸ்டார்ட் ஆகுற வண்டி, சூடானப்புறம் அடம் பிடிச்சது. அதனால ரேடியேட்டர் தண்ணியோட சூட்டை அளக்குற சென்சார் மேல சந்தேகம் வந்துச்சு. மோட்டார் காயில் கட்டுற தம்பிகிட்ட மீட்டர் இருக்கு, கூப்பிட்டேன். இந்த மாதிரி சென்சார் 20 டிகிரியில சுமாரா 2,500 ஓம் காட்டும், 80 டிகிரியில 300 கிட்ட இறங்கணும். எங்களுது இன்ஜின் கொதிக்கும்போதும் 2,000-க்கு மேலயே நின்னுச்சு. கம்ப்யூட்டருக்கு எப்பவும் மார்கழி விடியக்காலைதான். சோக்கை இழுத்துவிட்ட மாதிரி பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருந்திருக்கு. 2,000 ஓமும் நம்புற கணக்குதானே, அதான் எச்சரிக்கை விளக்கும் எரியல.

சென்சார் சில நூறு ரூபாய்தான். புகை நின்னுடுச்சு, பழைய இன்ஜெக்டரே ஓடுது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி வீசின வண்டிக்கும் இதே கோளாறு வரும், இன்ஜின் சரியாச் சூடேறாது. உங்க வண்டியில அது இருக்கான்னு முதல்ல பாருங்க.